கேருபீன் மார்க்கு மைத்தூள்

எங்கள் வீட்டு மைக்கு ஒரு மிருகம் இருந்தது. பச்சைக் காகிதப் பொட்டலத்தின் மேல் அது நின்றுகொண்டிருக்கும். உடல் சிங்கத்தினுடையது, முகம் கழுகினுடையது, தோளிலிருந்து இரண்டு சிறகுகள். வலது முன்காலை ஒரு மைக்கூட்டின் மேல் வைத்திருக்கும். மிதிப்பதாகவும் சொல்லலாம், காவல் காப்பதாகவும் சொல்லலாம். காவல் என்றே நான் கொண்டேன்.

அதற்குக் கேருபீன் என்று பெயரிட்டவள் அம்மா. அம்மா அச்செழுத்து மட்டும் வாசிப்பாள், கையெழுத்து வராது. அப்பா அம்பாசமுத்திரத்துப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. முதல் பொட்டலத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அம்மா அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு வேதாகமத்தை எடுத்தாளாம். எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட கேருபீன்களுக்குச் சிறகுகள் உண்டு, சிங்கமுகம் உண்டு, கழுகுமுகமும் உண்டு. மனுஷமுகமும் எருதுமுகமும் எங்கே என்று அப்பா கேட்டிருக்கிறார்.

“மத்த ரெண்டு மொகமும் அந்தப் பக்கம் இருக்கும். படத்துல ஒரு பக்கந்தான தெரியும்” என்றாள் அம்மா.

அதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. பொட்டலம் தீர்ந்ததும் உறையிலிருந்து படத்தைக் கத்தரித்து, எசேக்கியேலின் அந்த அதிகாரத்தில் அடையாளத்துக்கு வைத்தாள். மூல மொழியில் கேருபீன் என்பதே பன்மை என்று பிற்பாடு கல்லூரியில் கேட்டபோது எனக்குச் சிறிது வருத்தமாக இருந்தது. எங்கள் வீட்டில் அது எப்போதும் ஒருமை.

பாலர் வகுப்பில் ஒருநாள், ஏதேன் தோட்டத்து வாசலில் நின்ற கேருபீன் எப்படியிருக்கும் என்று ஆசிரியை கேட்டார். அதுவரை வகுப்பில் வாய் திறவாத நான் எழுந்து நின்று, வலது முன்கால் மைக்கூட்டின் மேல் இருக்கும் என்றேன். மைக்கூடு எதற்கு என்று அவர் கேட்டார். வெளியே போகிறவர்களின் பெயரை எழுத என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சொன்னதில் இருந்த தவறு அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

மை கரைப்பது சனிக்கிழமை வேலை. ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிப் பழைய மருந்துப் புட்டியில் ஊற்றுவோம். அதில் அப்பா தூளைச் சிறிது சிறிதாகத் தூவுவார். கடுக்காயும் நனைந்த இரும்பும் கலந்ததுபோல் ஒரு வாசனை எழும். அந்த மையின் குணம் விசித்திரமானது. எழுதும்போது சாம்பல் கலந்த நீலமாக, ஏதோ தண்ணீர் அதிகமாகிவிட்டது போல வெளிறித் தோன்றும். மறுநாள் பார்த்தால் கன்னங்கரேலென்று இருக்கும். மை பழுத்துவிட்டது என்போம். முதல் நாள் மாலை நான் எழுதிய வரிகளை விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். நான் உறங்கும்போது என் எழுத்து தனியே ஒரு வேலையைச் செய்து முடித்திருக்கும். எழுதியது உடனே முழுமையாக வேண்டியதில்லை என்பதை நான் நம்பத் தொடங்கியது அந்தக் காலைகளில்தான். அதிகம் பேசாத பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

வேறு மைகளும் உண்டு என்பது பாளையங்கோட்டை விடுதிக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. என் அறைத்தோழி ஒருத்தி ஊதா மையில் எழுதினாள். அந்நிய நாட்டுச் சரக்கு எதற்கு என்று இன்னொருத்தி கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்துத் தானே மை காய்ச்சினாள். அவள் கொள்கையை நான் மதித்தேன். அவளிடம் வாங்கி ஒரு வாரம் எழுதியும் பார்த்தேன். அது பழுக்கத்தான் செய்தது, ஆனால் நிற்காமல் பழுத்து, வரிவரியாகத் தாளையே தின்றுவிட்டது. என் கட்டுரையைத் தூக்கிப் பிடித்தால் எழுத்துகளின் ஊடே சன்னல் தெரிந்தது. நான் கேருபீனுக்கே திரும்பினேன். எந்த நாட்டில், யார் கையால் செய்யப்படுகிறது என்று அறியாத ஒரு பொருளின்மேல் இவ்வளவு பற்று வைப்பது தகுமா என்று எண்ணியதுண்டு. தகும் என்று நிறுவ என்னிடம் வாதம் இல்லை. புட்டியைத் திறந்தால் வரும் வாசனை மட்டுமே இருந்தது.

விடுதியிலிருந்து வாரந்தோறும் அப்பாவுக்குக் கடிதம் எழுதுவேன். ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது நானும் அவரும் மழையைப் பற்றிக்கூடப் பேசிக்கொண்டதில்லை. இருவரும் ஒரே மாதிரி சங்கோஜிகள். கடிதத்தில் அப்படியில்லை. நான் வாசித்த நூல்கள், விடுதிச் சோறு, என் பயங்கள், நான் கண்ட மனிதர்களின் நடை பாவனை எல்லாவற்றையும் அவருக்கு எழுதினேன். அவரும் எழுதுவார். ஒருமுறை, முப்பது வருஷம் பிறருடைய பத்திரங்களையே நகல் எடுத்த தமக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுவது எத்தனை கடினம் என்று எழுதியிருந்தார். நேரில் அவர் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார். காலையில் தபாலில் சேர்த்தால் ரயிலேறி மறுநாள் அம்பாசமுத்திரம் போய்விடும். வழியிலேயே மை பழுத்துவிடும்.

அப்பா ஓய்வு பெற்ற வருஷம் அவர் கண்களில் புரை விழத் தொடங்கியது. செய்தித்தாளை விட்டார். பாட்டுப் புத்தகத்தை விட்டார். “முற்பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் பிடித்தால் உன் எழுத்து மட்டும் தெரிகிறது, கேருபீனுக்கு ஸ்தோத்திரம்” என்று எழுதினார். நானும் எழுத்தைச் சற்றே பெரிதாக்கிக்கொண்டேன்.

1914-இல் தொடங்கிய யுத்தத்தின் மூன்றாம் வருஷம் மைத்தூள் வருவது நின்றது. பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் காகிதமும் நிப்பும் விற்கும் அண்ணாச்சி ஒருவரிடம்தான் நாங்கள் வாங்குவது. விடுதி ஆயாவோடு சனிக்கிழமை போய்க் கேட்டேன்.

“யாளியா? வந்து ரெண்டு மாசமாச்சும்மா. கப்பல்ல வாரதெல்லாம் நின்னு போச்சு” என்றார்.

“அது யாளி இல்ல அண்ணாச்சி, கேருபீன்.”

“என்ன பீனு?”

வேதாகமத்தில் வருவது என்று தாழ்ந்த குரலில் விளக்கினேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டார்.

“எங்க ஆளு கோயில்ல தூணுக்குத் தூணு நிக்காரு. தெனம் பாத்துட்டுத்தான் கடையத் தொறக்கேன். ஒங்க ஆள யாரு பாத்திருக்கா?”

எசேக்கியேல் பார்த்திருக்கிறார் என்ற பதில், விடுதி வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

புட்டியில் கால்பங்கு மை மிச்சமிருந்தது. வகுப்புக் குறிப்புகளைப் பென்சிலில் எழுதி, அதை அப்பாவின் கடிதங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அதுவும் தீரும் தறுவாயில், சென்னையில் எழுதுபொருள் விற்கும் ஒரு பெரிய கடைக்கு நானே கடிதம் எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன். கேருபீன் மார்க்கு என்பதை முறையாக மொழிபெயர்த்து ‘செரப் பிராண்ட்’ என்று குறித்து, அடியில் கோடும் இட்டேன். உறையில் கம்பெனியின் பெயர் ஆங்கிலத்தில் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதினான்கு வருஷத்தில் ஒருநாளும் நான் அதை வாசித்ததில்லை, இப்போது உறை ஒன்றும் மிச்சமில்லை. சொல்லுக்குச் சொல் பொருள் தேடுகிற ஒருத்தி, தன் மேசைமேல் இருந்த சொல்லைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

பார்சல் ஒழுங்காக வந்து சேர்ந்தது. பிரித்தேன். ஒரு டஜன் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் கொழுகொழுவென்று ஒரு குழந்தை, தோளில் புறாச்சிறகோடு, உடம்பில் துணியே இல்லாமல், மேகத்தின்மேல் குப்புறப் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் அந்தச் சொல்லுக்கு இந்தக் குழந்தையைத்தான் எண்ணிக்கொள்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அறைத்தோழிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நானும் சிரித்தேன். கடைக்காரரைக் குறைசொல்ல இடமில்லை, கேட்டதைத்தான் அனுப்பியிருந்தார்.

மை மட்டும் சிரிக்கும்படியாக இல்லை. எழுதும்போது அழகிய நீலம். மறுநாளும் அதே நீலம். ஒரு வாரம் கழித்து அவரைப்பூவின் நிறத்துக்கு வெளுத்தது. பேனாவை அழுத்தி, எழுத்தை இரண்டு பங்கு பெரிதாக்கி, அதிலேயே அப்பாவுக்கு எழுதினேன். வேறு வழியில்லை. அவரிடமிருந்து பதில்கள் வந்தன. கொட்டை எழுத்தில், தாளுக்கு ஆறு வரிகள். என் கடிதத்தில் இருந்த எதைப் பற்றியும் அவற்றில் ஒரு சொல் இல்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் இருந்தது.

“மை பழுக்கவில்லையா?”

இந்தச் சமயத்தில்தான் கல்லூரித் தலைவி என்னைத் தனியே அழைத்தார். தேர்வு முடிந்ததும் சென்னைக்குப் போய் பி.ஏ. வகுப்பில் இலக்கியம் படிக்க விருப்பமா என்று கேட்டு, விருப்பமானால் இடத்துக்குத் தாம் எழுதுவதாகவும், கிறிஸ்துமஸுக்குள் வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு விருப்பம். எவ்வளவு விருப்பம் என்பதை அப்பா ஒருவரிடம்தான் என்னால் சொல்ல முடியும், அதுவும் தாளில்தான். வீட்டிலோ வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. எங்கள் சபையின் உபதேசியார், பள்ளி ஆசிரியராக இருக்கும் தம் தங்கை மகனுக்கு என்னைப் பெண் கேட்டிருந்தார். நல்ல குடும்பம். மறுக்க ஒரு காரணமும் இல்லை, சென்னையைத் தவிர.

புரட்டாசி விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அம்பாசமுத்திரம் ரயிலடியில் உபதேசியாரே எதிரில் வந்தார். பெட்டியை ஆளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, முகம் மலர என்னைப் பார்த்தார்.

“வாம்மா. வண்டி மேட்டுல ஏறுத கதையெல்லாம் எழுதிருந்தியே. ஏத்தத்த மட்டும் சொல்லிட்ட, எறக்கத்தச் சொல்லலியே” என்றார்.

 பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மேட்டில் ஏறுவது போல அவருடைய பிரசங்கம் இருக்கும் என்றும், எந்த இடத்தில் பின்னோக்கி உருளுமோ என்று சபையார் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்றும் அப்பாவுக்கு எழுதியிருந்தேன். நீல மையில் எழுதியிருந்தேன். அப்பாவுக்கு அது தெரியவில்லை. அம்மாவுக்குக் கையெழுத்து வராது. ஆகவே என் கடிதம் வந்ததும் அம்மா உபதேசியாரை அழைத்துவிடுவாளாம். அவர் வாசற்படியில் நின்று, பிரசங்கக் குரலில், தெருவில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி வாசிப்பாராம். வண்டி வந்த இடத்தையும் ஒரு சொல் விடாமல் வாசித்து, கடைசியில் வழக்கம்போல ஆமென் சொன்னாராம். அவரது நேர்மையை அன்று முதல் நான் மதிக்கிறேன். ஆனால் இனி அப்பாவுக்கு நான் என்ன எழுத முடியும்?

நேரில் சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் மாலை அப்பாவுக்கு அருகே முக்காலியில் உட்கார்ந்தேன். காலேஜில் எல்லாம் சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். மறுநாள் நான் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று கேட்டேன். கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் நாலு படி மூழ்கியிருக்கிறது என்றார். சொல்லப்போனால் நாங்கள் நேரில் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். சென்னை என்ற சொல் என் நாக்கின் நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. உபதேசியார் வீட்டுக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்கும் கிறிஸ்துமஸ்தான் கெடு என்று அம்மா அடுப்படியில் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை ஜெபத்துக்கு அம்மா வேதாகமத்தைத் திறந்தபோது, தாள்களின் நடுவே ஒரு பச்சை விளிம்பைக் கண்டேன். எசேக்கியேல். ஜெபம் முடியும்வரை என் மனம் ஜெபத்தில் இல்லை. பிறகு அந்தப் படத்தை எடுத்துச் சன்னலோரம் கொண்டுபோனேன். மிருகம் பழையபடி மைக்கூட்டைக் காத்துக்கொண்டு நின்றது. அதன் காலடியில், எறும்பளவு ஆங்கில எழுத்தில், கம்பெனியின் பெயரும் ஊரும் இருந்தன. பதினான்கு வருஷம் கழித்து அவற்றை முதன்முறையாக வாசித்தேன்.

படத்தைக் கேட்டதும் அம்மா முகம் சுருங்கியது.

“ஏட்டி, அது அங்கனதான் இருக்கணும். எடுத்தா எசேக்கியேல நான் எப்படித் தேடுவேன்?”

பெட்டியிலிருந்து சென்னைப் பொட்டலத்தின் படம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, இதுவும் கேருபீன்தான் என்றேன். அம்மா அதைக் கண்ணருகே கொண்டுபோனாள், பின் கையெட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இதுவா? உடுப்புகூட இல்லயே. புள்ளைக்குச் சளி பிடிக்கும்” என்றாள். ஆனாலும் வாங்கி எசேக்கியேலில் வைத்துக்கொண்டாள். பக்கத்து அறையில் அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது.

பாளையங்கோட்டைக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை படத்தை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கம்பெனிப் பெயரை நான் ஒரு சீட்டில் தனியே எழுதியிருந்தேன். அவர் சீட்டை ஒதுக்கிவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டார். தூத்துக்குடியில் மொத்த வியாபாரியின் கிட்டங்கியில் பழைய சரக்கு ஏதும் கிடக்கலாம், அங்கே பேரைச் சொன்னால் தெரியாது, படத்தைக் காட்டினால்தான் தெரியும் என்றார். வாரம் ஒருமுறை தூத்துக்குடி போய்வரும் தம் மைத்துனரிடம் அதைக் கொடுத்தனுப்பினார். அடுத்த சனிக்கிழமை பதில் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. நலம் என்றும் நலமறிய ஆவல் என்றும் மட்டும் அப்பாவுக்கு நீல மையில் எழுதிக்கொண்டிருந்தேன். உபதேசியார் வாசிக்க அவற்றில் ஒன்றுமில்லை. கார்த்திகை பிறந்தது.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் நான் படியேறுவதற்கு முன்பே அண்ணாச்சி உள்ளே போனார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சிறு கட்டோடு வந்தார். மேலே பென்சிலால், என் பெயர் தெரியாததால், சரக்கின் பெயரை எழுதி வைத்திருந்தார். ‘கேருப்பின்னு - 6.’

“ஒங்க ஆளு வந்துட்டாரும்மா. கொஞ்சம் நமுத்துப் போய்ட்டாரு, பைய இடிச்சிக் கரைங்க” என்றார். பிறகு, எதிர்க்கடைக்காரருக்குக் கேட்காத குரலில், “தூத்துக்குடியிலயும் யாளினுதான் சொல்லுதாங்க” என்றார்.

அம்மாவின் படம் திரும்பி வரவில்லை. புதிய பொட்டலங்களில் ஒன்றிலிருந்து கத்தரித்து அனுப்பினேன்.

தூள் கல்லாக இறுகியிருந்தது. விடுதிச் சமையலறை உரலில் இடித்து, காய்ச்சி ஆறிய நீரில் கரைத்தேன். பழைய வாசனை வந்தது. அன்று மாலை அப்பாவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். தலைவி சொன்னதை எழுதினேன். உபதேசியாரின் குடும்பத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு என்றும், அவர்களுக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வருவது எனக்கு வலிக்கிறது என்றும், ஆனாலும் சென்னைக்குப் போகவே விரும்புகிறேன் என்றும், அதை இரண்டு நாள் முக்காலியில் உட்கார்ந்தும் சொல்ல முடியவில்லை என்றும் எழுதினேன். வழக்கமாக ஈரம் உலர்ந்ததும் உறையில் இடுவேன். அன்று இடவில்லை. இடித்துக் கரைத்த தூளை நம்ப முடியவில்லை. மேசைமேல் விரித்து வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து, சிறுபிள்ளையைப் போல ஓடிப்போய்ப் பார்த்தேன். பழுத்திருந்தது.

ஏழாம் நாள் பதில் வந்தது. கொட்டை எழுத்தில், ஒரே தாளில்.

“வாசித்தேன். நானே வாசித்தேன். இரண்டு காலை ஆயிற்று. போ. உபதேசியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன், வண்டியை ஓட்டத் தெரிந்தவர் வருத்தப்படமாட்டார். உன் அம்மா ஒருநாள் அழுதாள், இப்போது உன் பெட்டிக்குத் துணி தைக்கிறாள். மைத்தூளை மறவாமல் எடுத்துப் போ. அந்த ஊர்த் தண்ணீரில் எப்படி என்று எழுது.”

இதை எழுதுகிற இப்போது சென்னையில் எனக்கு இரண்டாம் வருஷம். யுத்தம் முடிந்து கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. இங்கே ஒரு கடையில் கம்பெனிப் பெயரை ஒழுங்காகச் சொல்லி நான் வாங்கிக்கொள்கிறேன். அறைக்கு வந்ததும் அதைக் கேருபீன் என்றே அழைக்கிறேன். அப்பா கேட்டதற்கு, வந்த முதல் மாதமே சோதித்து எழுதிவிட்டேன். இங்குள்ள கிணற்றுத் தண்ணீர் உப்புக் கலந்தது. அதில் மை பழுக்க ஒரு நாள் கூடுதலாகிறது. கடிதம் அம்பாசமுத்திரம் போய்ச் சேரவும் ஒரு நாள் கூடுதலாகிறது. ஆகவே முற்பகல் வெளிச்சத்தில் அப்பா அதைச் சன்னலோரம் கொண்டுபோகும்போது சரியாக இருக்கிறது.